கிணற்றிலிருந்து வந்த கண்ணில்லாத சிவப்பு மீன்: அது எது, எங்கே வாழ்கிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

திரிச்சூர் மாவட்டத்தில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டில் மேல்நிலைத் தொட்டியைக் கழுவும்போது, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, ரத்தச் சிவப்பில், கண்ணே இல்லாத ஒரு சிறு உயிர் நெளிந்துகொண்டிருந்திருக்கிறது. வாயோரம் மீசை மாதிரி இழைகள் இருந்தன என்கிறீர்கள். வீட்டில் சிலர் புழு என்றார்கள், சிலர் பாம்புக் குட்டி என்றார்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிடலாம் என்ற பேச்சும் வந்திருக்கிறது. இது என்ன, எங்கிருந்து வந்தது, தண்ணீரைக் குடிக்கலாமா, தமிழ்நாட்டுக் கிணறுகளிலும் இப்படி இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அக்கா வீட்டுக்கு வந்திருப்பது நோய் கொண்டுவரும் பூச்சி அல்ல. உலகத்திலேயே கேரளத்து மண்ணுக்கு அடியில் மட்டும் வாழும் ஒரு மீன் அது.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அப்படியே ஹொராக்ளானிஸ் என்ற பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் கூட்டத்துக்குப் பொருந்துகின்றன. நம் கெளுத்திக்கு உறவான மீன். வளர்ந்ததே மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். செதில் கிடையாது, கண் கிடையாது. தோலில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் அப்படியே தெரிகிறது. அந்தச் சிவப்பு அதுதான், சாயம் எதுவும் இல்லை. மீசைகள் இருந்தால் அது மண்புழுவோ பாம்புக் குட்டியோ இல்லை என்று உடனே முடிவு செய்துவிடலாம். கேரளத்தில் இதைக் குருடன் முஷி என்பார்கள்.

மீசை இல்லாமல், நூல் போல இன்னும் நீளமாக இருந்திருந்தால் வேறு ஒன்றைச் சந்தேகித்திருப்பேன். கேரளத்துக் கிணறுகளில் விலாங்கு போலத் தோன்றும் சிவப்பு மீன்களும் உண்டு. ரக்தமிக்திஸ் என்று 2020இல் அவற்றுக்குத் தனிப் பேரினமே உருவாக்கினார்கள். அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று மும்பை ஜோகேஸ்வரியில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் வளாகக் கிணற்றிலிருந்தும் கிடைத்திருக்கிறது. அப்புறம், நாம் குழம்பு வைக்கிற அயிரையின் குடும்பத்திலேயே பாதாளத்துக்குப் போய்விட்ட மீன்கள் இருக்கின்றன. கோழிக்கோட்டுக் கிணறு ஒன்றிலிருந்து 2019இல் விவரிக்கப்பட்ட பாஞ்சியோ புஜியா, செங்கன்னூரிலிருந்து 2022இல் விவரிக்கப்பட்ட பாஞ்சியோ பாதாள என்று இரண்டு. புஜியாவுக்கு முதுகுத் துடுப்பே இல்லை. அயிரை சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அதன் படத்தைப் பார்த்தால் உறவு என்று நம்பவே மாட்டார்கள்.

இவை எப்படி வெளிச்சத்துக்கு வந்தன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அக்காவும் அந்த வரிசையில் ஒருவர்தான். ஹொராக்ளானிஸ் முதன்முதலில் கோட்டயத்துக் கிணறு ஒன்றிலிருந்து கிடைத்தது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.ஜி.கே. மேனன் 1950இல் அதற்குப் பெயர் வைத்தார். பேரினத்தின் பெயரில் இருக்கும் ‘ஹொரா’, மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா. அதன் பிறகு அரை நூற்றாண்டு இரண்டாவது சிற்றினம் என்று ஒன்று வரவில்லை. 2004இல் திரிச்சூர் மாவட்டத்திலிருந்து ஒன்று, 2012இல் அதே மாவட்டத்தின் இரிஞ்ஞாலக்குடா பகுதியிலிருந்து இன்னொன்று. இந்த 2012ஆம் ஆண்டு மீனுக்கு அப்துல் கலாமின் பெயர்.

2023இல் நான்காவது வந்தது. கொச்சியில் இருக்கும் கேரள மீன்வள, கடல் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவனும் அவருடைய கூட்டாளிகளும் செய்த வேலை அது. அவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு கிணறு கிணறாக அலைந்தார்கள் என்பது கதையின் ஒரு பாதிதான். வாளியில் வந்தது, குழாயில் வந்தது, தொட்டியில் கிடந்தது என்று ஊர்மக்கள் தகவல் கொடுக்கக் கொடுக்க வேலை நகர்ந்தது. ஆறு ஆண்டுகள் இப்படியே போனது. 47 புதிய இடங்கள், 65 புதிய மரபணு வரிசைகள். அந்த நான்காவது சிற்றினத்துக்கு ஹொராக்ளானிஸ் பாபுலி என்று பெயர் வைத்தார்கள். மக்களுக்கு நன்றி சொல்லும் பெயர். எனக்குத் தெரிந்து நன்னீர் உயிரியலில் இவ்வளவு நேர்மையான பெயர் சூட்டல் குறைவு. மீன் ஆய்வாளர்கள் எத்தனை பேர் இருந்தாலும், ஒவ்வொரு வீட்டுக் கிணற்றின் ஓரத்திலும் காலையும் மாலையும் நிற்க அவர்களால் முடியாது.

சரி, எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் கேரளத்தின் மண்ணில் இருக்கிறது.

மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் இடைநாடு முழுக்கப் பெரும்பாலும் செம்பாறாங்கல். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வெட்டுக்கல் என்பார்கள். தோண்டும்போது மண்வெட்டிக்கும் கோடரிக்கும் வசப்படும் அளவுக்கு மென்மையாக இருக்கும், செங்கல் மாதிரி சதுரமாக அறுத்து எடுத்துக் காற்றில் காயவிட்டால் இறுகிவிடும். 1807இல் வெளியான தன் பயணக் குறிப்பில் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இந்தக் கல்லை லேட்டரைட் என்று எழுதினார். மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் பார்த்துத்தான் எழுதினார். உலகம் முழுவதும் மண்ணியல் புத்தகங்களில் இருக்கும் சொல் அங்கிருந்து போனது. இன்றும் அங்காடிப்புரம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று.

இந்தக் கல் எப்படி உண்டாகிறது என்றால், அடியில் இருக்கும் கடினப் பாறை லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் சிதைகிறது. சிலிக்கா, கால்சியம் போன்றவை கரைந்து தண்ணீரோடு போய்விடுகின்றன. இரும்பும் அலுமினியமும் மட்டும் பின்தங்கி இறுகுகின்றன. கரைந்து போனவற்றின் இடத்தில் ஓட்டைகள் மிஞ்சுகின்றன. ஒரு வெட்டுக்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், புழு குடைந்தது போலக் குழாய் குழாயாக இருக்கும். சில ஓட்டைகள் ஊசி நுழையும் அளவு, சில விரல் நுழையும் அளவு. பல இடங்களில் இந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட வழிகளாகிவிடும். இதற்குக் கீழே வெளிர் நிறக் களிமண் அடுக்கு, அதற்கும் கீழே பாதி சிதைந்த பாறை, அப்புறம்தான் உறுதியான பாறை. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மழை இந்தக் குழாய்களில் சடசடவென்று இறங்கி, களிமண்ணுக்கு மேலே தங்கி, பக்கவாட்டில் மெதுவாக நகர்கிறது. அந்த நகரும் தண்ணீருக்குள் மீன்கள் இருக்கின்றன. பூமிக்கு அடியில் பெரிய ஏரி ஒன்று இருப்பதாகவும், அதில் மீன் நீந்துவதாகவும் நினைக்க வேண்டாம். இரண்டு விரல் தடிமன்கூட இல்லாத வழிகளில், இருட்டில், உரசிக்கொண்டு போகிற வாழ்க்கை அது. உடல் குச்சி மாதிரி மெலிந்து, துடுப்புகள் சிறுத்துப் போனதற்குக் காரணமும் இதுதான்.

கிணறு தோண்டும்போது நாம் செய்வது, அந்த வழிகளில் சிலவற்றை வெட்டித் திறந்துவிடுவது. கிணற்றுக்குள் மீன் பிறந்து வளரவில்லை. கிணற்றுச் சுவரின் ஊற்றுக்கண் வழியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. மோட்டார் வேகமாக இழுக்கும்போது சில மாட்டிக்கொள்கின்றன. கிணற்றை இறைத்துச் சேறு வாரும்போது சில கிடைக்கின்றன. பெருமழையில் நீர்மட்டம் மேலே ஏறினால் சில மேலேயே வந்துவிடுகின்றன. கேரளத்தில் கிணறுகள் எவ்வளவு நெருக்கம் தெரியுமா? கடலோரத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 200, இடைநாட்டில் சுமார் 150 என்பது மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கு. ஏறக்குறைய வீட்டுக்கு ஒரு கிணறு. நிலத்துக்கு அடியில் இருப்பதைப் பார்க்க இவ்வளவு சாளரங்கள் உள்ள இடம் உலகத்தில் வேறு எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. இத்தனை பாதாள மீன்கள் கேரளத்திலிருந்து அடுத்தடுத்து வருவதற்கு மண் ஒரு காரணம் என்றால், இந்தக் கிணறுகள் இன்னொரு காரணம்.

கண் ஏன் இல்லை என்று உங்கள் பையன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வெளிச்சமே இல்லாத இடத்தில் கண் எந்தப் பயனும் தராது. ஆனால் அதை உருவாக்கவும் பராமரிக்கவும் உடலுக்கு நிறைய ஆற்றல் செலவாகும். கண் கெட்டுப் பிறந்த மீன் அங்கே எந்த இழப்பும் இல்லாமல் வாழ்ந்து குஞ்சு பொரிக்கும், அதனால் தலைமுறை தலைமுறையாகக் கண் மறைந்துகொண்டே போகும். பதிலுக்கு மீசையும் தோலும் கூர்மையாகின்றன. செடியோ பாசியோ வளராத இடத்தில் சாப்பாடு முழுக்க மேலேயிருந்துதான் வர வேண்டும். மழைநீரோடு இறங்கும் மக்கிய இலைத்தூள், வேர் நுனிகள், அவற்றைத் தின்னும் பாக்டீரியா, அந்தப் பாக்டீரியாவை மேயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டுடலிகள் (இறாலுக்கு உறவான நுண்ணுயிர்கள்), புழுக்கள், கடைசியில் மீன். மேலே என்ன நடக்கிறதோ அது சில நாட்களில் கீழே இருப்பவர்களின் தட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தோட்டத்தில் தெளிக்கும் பூச்சிமருந்துக்கும் இது பொருந்தும்.

2023 ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இந்த மீன்களின் உருவத்துக்கும் மரபணுவுக்கும் இருக்கும் முரண். வெவ்வேறு ஊர்களிலிருந்து எடுத்த ஹொராக்ளானிஸ்களை வரிசையாக வைத்தால் வித்தியாசம் சொல்லவே முடியாது. மரபணுவைப் பார்த்தால் அவை நெடுங்காலமாக ஒன்றோடொன்று கலக்காமல் பிரிந்து கிடந்தவை என்று தெரிகிறது. நிலத்தடியில் சூழல் எங்கேயும் ஒரே மாதிரி இருப்பதால் உருவத்தை மாற்ற எந்தத் தேவையும் எழவில்லை. இதன் பொருள், பக்கத்துத் தாலுகாவில் அதே மாதிரி மீன் நிறைய இருக்கிறதே, இங்கே அழிந்தால் என்ன என்று யாரும் சொல்லிவிட முடியாது. அங்கே இருப்பது வேறு ஒன்றாக இருக்கலாம்.

காலத்தின் ஆழத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு மீனை விட்டுவிட முடியாது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மிதந்தது நினைவிருக்கும். அந்த மழைக்குப் பிறகு மலப்புரம் மாவட்டம் வேங்கரையில் ஒரு வயலில் யாரும் அறியாத நீண்ட, செம்பழுப்பு நிற மீன் கிடைத்தது. படம் சமூக ஊடகத்தில் சுற்றி ஆய்வாளர்கள் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. விராலின் சாயல் இருந்தது, ஆனால் விரால் இல்லை. ஏனிக்மாசன்னா என்று புதுப் பேரினம் 2019இல் வந்தது. திருவல்லாவில் ஒரு கிணற்றிலிருந்து அதே ஆண்டு விவரிக்கப்பட்ட இன்னொன்றுக்கு, ஓணத்துக்குப் பாதாளத்திலிருந்து வரும் மகாபலியின் பெயரை வைத்தார்கள். அடுத்த ஆண்டு எலும்பையும் மரபணுவையும் ஆராய்ந்தபோது, இதற்கு ஒரு தனிக் குடும்பமே வேண்டும் என்று தெரிந்தது. விரால் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக் காற்றை விழுங்கும், அதற்கென்றே தலைக்குள் ஒரு உறுப்பு உண்டு. இந்த மீனுக்கு அது இல்லவே இல்லை. இரண்டும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. நெல் வயலுக்கு அடியில், வீட்டுக் கொல்லைக்கு அடியில், டைனோசர் காலத்து வம்சம் ஒன்று யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த மீன் வயலில் கிடைத்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலத்தடி நீர் தனி, ஆறு தனி, வயல் தனி என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். அரசுத் துறைகளும் அப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. தண்ணீருக்கு அந்தப் பிரிவினை கிடையாது. மழைக்காலத்தில் வயலும் ஆறும் நிலத்துக்குள் நீரை இறக்குகின்றன. கோடையில் மழை இல்லாத மாதங்களில் சிற்றோடைகளில் ஓடுவது பெரும்பாலும் நிலத்துக்குள்ளிருந்து கசிந்து வரும் நீர். அதனால்தான் ஆற்று மணலை அள்ளி ஆற்றுப்படுகையைத் தாழ்த்தினால் கரையோரக் கிணறுகளின் மட்டமும் இறங்கிவிடுகிறது. பாரதப்புழை, பம்பை, மணிமலை ஆற்றங்கரைகளில் இருப்பவர்களுக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்த 2001இல் கேரளம் சட்டமே போட்டது. நெல் வயலின் கதையும் இதேதான். 1970களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர் இருந்த நெல் பரப்பு இன்று 2 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. வயலை மேடாக்கி வீடு கட்டும்போது உணவு உற்பத்தி குறைந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மாதக்கணக்கில் தண்ணீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பரப்பு போய்விட்டது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இந்த மீன்களுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. வெட்டுக்கல் குவாரி என்றால் இவற்றின் வீட்டையே அறுத்து எடுத்துப் போவது என்று பொருள். கொசுவுக்காகக் கிணற்றில் கப்பி மீனையும் கம்பூசியாவையும் விடுகிறார்கள். அவை கொசுப்புழுவை மட்டும் பொறுக்கித் தின்னாது, வாய்க்குள் அடங்கும் எதையும் விடாது. கொசுவைத் தடுக்கக் கிணற்றுக்கு மேலே வலை போட்டு மூடினாலே போதும்.

பிளீச்சிங் பவுடருக்கு வருகிறேன். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் முழுக்கக் கிணறுகளில் குளோரின் போட்டார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். சாக்கடையும் கிணறும் ஒன்றாகக் கலந்து, எலிக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம் அது, உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் அவசரகாலத்துக்கான வேலை பல வீடுகளில் மாதாந்திரப் பழக்கமாகிவிட்டது, அதுவும் அளவே பார்க்காமல். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான கணக்கு. கையால் அள்ளி வீசுகிறவர்கள் எத்தனை மடங்கு போடுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. குளோரின் மீனின் செவுளை எரித்துவிடும். செவுளோடு தோலும் மெல்லியதாக உள்ள மீனுக்கு அது இன்னும் கொடுமை. கிணற்று நீர் அங்கேயே நிற்பதும் இல்லை, சுற்றியுள்ள கல்லுக்குள்ளும் பரவும்.

அப்படியானால் தண்ணீரைக் குடிக்கலாமா? மீன் வந்ததால் தண்ணீர் கெடவில்லை. மீன் உயிரோடு இருந்தது என்றால் அந்த நீரில் கடுமையான நஞ்சு எதுவும் இல்லை என்று ஓரளவு சொல்லலாம். ஆனால் இது பாதிப் பதில்தான். மீன் இருக்கிறது என்பதற்காகக் கிருமி இல்லை என்று ஆகாது. கேரளத்துக் கிணறுகளில் மலக் கிருமிகள் காணப்படுவது சாதாரணம், ஏனென்றால் ஒரே கொல்லையில் ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் செப்டிக் குழி. வெட்டுக்கல் ஓட்டைகள் மழைநீரை எவ்வளவு வேகமாக இறக்குகின்றனவோ அதே வேகத்தில் குழிநீரையும் கொண்டுபோகும். மணல் மண்ணைப் போல வடிகட்டாது. இன்னொன்று, செம்பாறாங்கல் பகுதி நீர் பெரும்பாலும் கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருக்கும். அதனால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் இரும்புக் குழாய்கள் சீக்கிரம் அரித்துப் போகும்.

ஆகவே அக்கா வீட்டில் மலையாளிகள் வழக்கப்படி பதிமுகம் என்ற, நீரைச் சிவப்பாக்கும் மரச் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள் என்றால் அதையே தொடரட்டும், அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குளோரின்தான் வேண்டுமென்றால் மேல்நிலைத் தொட்டியில் இறைத்த நீருக்கு, அளந்து போடலாம். கிணற்றை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கோலிஃபார்ம் பரிசோதனை, அதாவது மலக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, செய்துகொள்வது நல்லது. ஊரில் காலராவோ மஞ்சள் காமாலையோ பரவி, சுகாதாரத் துறை கிணற்றில் குளோரின் போடச் சொன்னால் அப்போது தயங்காமல் போட வேண்டும். மனித உயிருக்கு முன்னால் நான் மீனை நிறுத்த மாட்டேன். பெரும்பாலான நேரங்களில் அப்படி ஒரு தேர்வு நம் முன் வருவதே இல்லை, வெறும் பயத்தில்தான் கொட்டுகிறோம்.

இப்படி ஒரு பாதாள உயிருக்காக நிலத்தடி நீரையே கட்டுப்படுத்த முடியுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்திருக்கிறது. அங்கே சான் அன்டோனியோ நகருக்கு அடியில் எட்வர்ட்ஸ் என்ற சுண்ணாம்புப் பாறை நீரடுக்கு இருக்கிறது. சான் மார்கோஸில் மீன் பண்ணைக்காகத் தோண்டிய கிணற்றிலிருந்து பீறிட்ட நீரோடு பல்லி போன்ற உருவமும் தவளைக்கு உறவும் உள்ள, கண்ணில்லாத ஒரு வெள்ளைச் சாலமாண்டர் வெளியே வந்தது. 1896இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டு வகைக் குருட்டுக் கெளுத்திகளும் கிடைத்தன. 1950களின் பெரும் வறட்சியில் எல்லோரும் இஷ்டத்துக்கு நீரை இறைத்ததால், 1956இல் அங்குள்ள கோமல் ஊற்றுகள் மாதக்கணக்கில் நின்றுபோயின. ஊற்றிலிருந்துதான் அந்தப் பகுதி ஆறே பிறக்கிறது. 1991இல் சியரா கிளப் என்ற அமைப்பு, ஊற்றை நம்பி வாழும் அருகிய உயிர்களைக் காக்க வேண்டும் என்று வழக்குப் போட்டது. 1993இல் நீதிமன்றம் அதை ஏற்றது. அதே ஆண்டு டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு தனி ஆணையத்தை உருவாக்கியது. இன்று அந்த நீரடுக்கிலிருந்து இறைக்கத் தரும் அனுமதிகள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 5,72,000 ஏக்கர்-அடியைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் சுமார் 25 டி.எம்.சி. அந்த உயிர்களுக்காக விதித்த வரம்பு ஒரு பெருநகரத்தின் குடிநீரையும் காத்துக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் 2002ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. அது நீரின் அளவைப் பார்க்கிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. அதைச் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக, தமிழ்நாட்டில் இருக்குமா? நம் மாநிலத்தில் பெரும் பகுதி கடினப் பாறை. தண்ணீர் சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும் நிற்கிறது. வெட்டுக்கல்லில் இருப்பது போன்ற தொடர்ச்சியான குழாய் வழிகள் அங்கே குறைவு. நாம் ஆண்டுக்கணக்கில் ஆழ்துளைக் கிணறுகளால் மட்டத்தை இறக்கியும் விட்டோம். ஆகவே கொங்கு நாட்டுப் பாறைக் கிணற்றில் ஹொராக்ளானிஸை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அதே மழை, அதே வெட்டுக்கல், அதே மாதிரி வீட்டுக் கிணறுகள். அங்கே இருப்பவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருப்பது நல்லது.

மீன்தான் என்றில்லை. ஆந்திரத்தில் நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தின் ஒய். ரங்கா ரெட்டி பல ஆண்டுகளாகக் கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளின் ஆற்று மணலிலும் கிணறுகளிலும் நுண்ணிய வலையை வைத்துத் தேடி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓட்டுடலிகளில் அறிவியலுக்குப் புதியவை பலவற்றைக் கண்டெடுத்தார். பெரிய செலவு ஒன்றும் இல்லாத வேலை. மெல்லிய துணி வலை, ஒரு நல்ல நுண்ணோக்கி, நிறையப் பொறுமை. பாலாற்று மணலிலும் தாமிரபரணி மணலிலும் அதே வேலையைத் தொடர்ந்து செய்ய நம் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளால் முடியும். மணல் முழுவதும் லாரியில் போய்விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் மீனுக்கு வருவோம். அது இன்னும் உயிரோடு இருந்தால், அகலமான பாத்திரத்தில் அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அதில் விடுங்கள். குழாய் நீர், குளோரின் போட்ட நீர், கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம். மேலே துணி போட்டு இருட்டாக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சோறு, பொரி எதுவும் போடாதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள், அது நீந்துவதைச் சிறிய வீடியோவாகவும் எடுங்கள். கிணற்றின் ஆழம், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, முந்தின நாள் மழையா, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் குறித்து வையுங்கள். பிறகு கொச்சி பனங்காட்டில் இருக்கும் அந்த மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். ஆட்கள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் காத்திருங்கள். இல்லையென்றால் எடுத்த கிணற்றிலேயே, வாளியில் மெதுவாக இறக்கி விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றிலோ குளத்திலோ விட வேண்டாம். மீன் செத்துவிட்டிருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். ஒரு சிறு புட்டியில் சுத்தமான எத்தனாலில் போட்டு வைத்தால் மரபணு ஆய்வுக்குப் பயன்படும், ஃபார்மலினில் போட்டால் பயன்படாது. மோட்டாரின் உறிஞ்சு குழாய் முனையில் மெல்லிய வலையும் கட்டிவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை சேறு வார ஆள் கூப்பிடும்போது, வாரிய சேற்றை உடனே கொட்டிவிடாமல் ஒரு அகலத் தட்டில் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு ஏதாவது நெளிந்தால் அதையும் படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.